நடுவில் இல்லாத பாறை

சங்கரன்கோவில்
9.6.2025

தங்கச்சி கோகிலாவுக்கு,

பேச்சிராஜ் எழுதுவது. அண்ணன் கடிதம் எழுதுகிறானே, வீட்டில் யாருக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

போனில் சொல்லலாம் என்றால் உன் பாறை ஆராய்ச்சி முகாமில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் டவர் கிடைக்கும் என்கிறாய். அதுகூடப் பெரிதில்லை. வீட்டில் நான் போனைக் காதில் வைத்தாலே தம்பி இசக்கித்துரை நிமிர்ந்து பார்க்கிறான். யாரிடம் பேசுகிறேன், எப்படிப் பேசுகிறேன் என்று காது கொடுத்துக் கேட்கிறான். அதனால் பூ மார்க்கெட்டில் ஏலம் முடிந்த பிறகு மண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் பதிலை மண்டி விலாசத்துக்கே போடு.

தம்பி வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஏஜெண்ட் பேச்சை நம்பிக் கம்ப்யூட்டர் வேலைக்கென்று தாய்லாந்துக்கு விமானம் ஏறினவன் மியான்மர் எல்லையில் ஆன்லைனில் பணம் பறிக்கும் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டதும், ஒன்றேகால் வருஷம் சத்தமே இல்லாமல் போனதும், அரசாங்கம் மீட்டு விமானத்தில் அனுப்பி வைத்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். வரும்போது எலும்பும் தோலுமாக வருவான், பேயறைந்தவன் மாதிரி மூலையில் உட்காருவான் என்றெல்லாம் நான் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். வந்தவனோ போனவன் மாதிரியே இருக்கிறான். அதே சிரிப்பு, அதே பசி. என் பைக்கைக் கீறிவிட்டான் என்று போகிற அன்றைக்கு ஒரு சண்டை போட்டோமே, அதைக்கூட விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்புள்ள தங்கமா போனான், தங்கமா வந்துட்டான். நடுவுல நடந்தத எவனும் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். நாங்களும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான். சாப்பிட்டு எழுந்திருக்கும் முன் "எந்திரிக்கட்டுமா?" என்கிறான். குளிக்கப் போகட்டுமா, கடைக்குப் போகட்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி. மரியாதை கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று அம்மாவுக்குப் பெருமை. நம் வீட்டில் என்றைக்கடி மரியாதை இருந்தது?

இப்போது அம்மா அவனுக்குப் பெண் பார்த்துவிட்டாள். பனவடலிசத்திரம் நல்லக்கண்ணு அண்ணாச்சி மகள் காவியா. பி.எட். முடித்த பிள்ளை, நல்ல குணம். ஆவணியில் கல்யாணம். காணாமல் போன ஒன்றேகால் வருஷத்துக்கு, மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்த்தார் என்று சொல்லியாயிற்று. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், இது ஒன்றுதானே என்கிறாள் அம்மா. நானும் தலையாட்டிவிட்டேன். ஆட்டியதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீ கல்லைப் பார்த்தே கதை சொல்கிறவள். இவனைப் பற்றி ஏதாவது சொல்லு.

அண்ணன்
பேச்சிராஜ்


முகாம், கடப்பா மாவட்டம்
20.6.2025

அண்ணனுக்கு,

பள்ளிக்கூடத்து வாத்தியார் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மல்லிகைப்பூ வாசனை அடிக்கும் என்று முகர்ந்து பார்த்தேன். பீடி வாசனைதான் அடித்தது. விட்டுவிட்டதாகச் சொன்னாயே.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொல்ல முடியும். திருப்பதி மலைப்பாதையில் உனக்கு மொட்டை போட அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போனாளே, அந்தப் பாதையில் ஒரு வளைவில், பாறையை வெட்டிய சுவரில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே பழைய கிரானைட். மேலே மணல் படிந்து இறுகிய பாறை. அதன்மேல் கையை வைத்தால் உள்ளங்கை பாதி இதில், பாதி அதில். நடுவில் எண்பது கோடி வருஷத்தைக் காணோம் என்கிறார்கள். கோவிந்தா சொல்லிக்கொண்டு எல்லா பஸ்ஸும் அதைத் தாண்டித்தான் போகிறது.

காணாமல் போவதில் இரண்டு விதம் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே எதுவும் படியாமலே இருந்திருக்கலாம். அல்லது படிந்ததை மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போயிருக்கலாம். எது நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கீழ்ப்பாறையின் மேல்தோல் குண்டும் குழியுமாக இருந்தால், அரித்திருக்கிறது. மக்கி மண்ணாகியிருந்தால், வெகுகாலம் வெயிலில் கிடந்திருக்கிறது. கீழடுக்கு சாய்ந்தும் மேலடுக்கு மட்டமாகவும் கிடந்தால், நடுவில் பூமியே புரண்டிருக்கிறது. இதெல்லாம் சுலபம்.

எங்களை ஏமாற்றுவது வேறொன்று. கீழும் மட்டம், மேலும் மட்டம், ஒரே நிறம். பார்த்தால் ஒரு நாள்கூட விடாமல் படிந்த மாதிரி இருக்கும். கீழே புதைந்திருக்கும் சிப்பியையும் மேலே புதைந்திருக்கும் சிப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், அடேயப்பா, நடுவில் ஒரு யுகமே இல்லையே என்று தெரியும். தம்பி இந்த வகை. அவன் மாறவில்லை என்று அம்மா சொல்வது கண்ணுக்கு நிஜம்தான்.

ஆனால் சிப்பி ஒன்று கிடைத்துவிட்டது. "எந்திரிக்கட்டுமா?" பழைய இசக்கித்துரை கேட்காத கேள்வி. அவனை அங்கே அடித்து ஒடுக்கியிருக்கிறார்கள் அண்ணே. எழுந்து நிற்க அனுமதி, தண்ணீர் குடிக்க அனுமதி. அடி வாங்கி வாங்கிப் பழகிய வாய் அது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் பிள்ளையை என்ன பாடு படுத்தியிருப்பார்கள்!

அவனைத் துருவாதே. கூடவே இரு. ஆனால் அந்தச் சிங்கப்பூர் வேண்டாம். நாங்கள் படம் வரையும்போது, காணாமல் போன இடத்தில் நெளிநெளியாக ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வோம். இல்லாத பாறையை நிரப்பி வரைந்தால் வேலை போய்விடும். நீங்கள் ஒரு ஊரையே வரைந்துவிட்டீர்கள்.

கோகிலா


சங்கரன்கோவில்
2.7.2025

கோகிலா,

நன்றாகப் புத்தி சொன்னாய். உன் கல்லுக்கு வயதாகாது, கல்லுக்குப் பெண் தேட வேண்டாம், கல்லைப் பற்றி டீக்கடையில் எவனும் பேசமாட்டான். இங்கே பேசுகிறார்கள். "பேச்சிராஜ் தம்பி வெளிநாட்டுல ஆளுகள ஏமாத்தித் துட்டு சம்பாரிச்சானாம்லா" என்று என் காதுபடவே ஒருத்தன் சொன்னான். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? கல்யாணம் ஆகிவிட்டால் தானாக அடங்கும் என்பது அம்மாவின் கணக்கு. உனக்குக் கல்யாணம் பேசியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடப்பாவுக்குப் போய்விட்டாய். எல்லோராலும் அப்படிப் போக முடியுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கவில்லை, படித்துக்கொள்.

ஆனால் நடந்ததைக் கேள். போன வாரம் நல்லக்கண்ணு அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். தம்பி உளறிவிடுவானே என்று எனக்குப் பயம். அவனிடம் முந்தின நாள்தான், "சிங்கப்பூர்னு சொல்லியிருக்கோம்லே" என்று சொன்னேன். "அங்கன எந்த ஏரியா?" என்று மட்டும் கேட்டான். சாயங்காலம் ஒரு மணி நேரம் போனில் என்னவோ படித்தான்.

ஏட்டி, மறுநாள் அவன் பேசினதை நீ கேட்டிருக்க வேண்டும். தங்கியிருந்த அறையில் எட்டுக் கட்டில், மேல்கட்டில் இவனுக்கு. மத்தியானம் மூன்று மணிக்குத் தவறாமல் மழை. ரயிலில் ஒரு சீனக் கிழவி இவனுக்கு ஆரஞ்சு கொடுத்தது. "மொத மாசம் அழுதுட்டேன் மாமா, வெளிய சொல்லாதிய" என்று நல்லக்கண்ணு அண்ணாச்சியின் கையைத் தொட்டுச் சொன்னான். அந்த மனுஷர் கண் கலங்கிவிட்டார். காவியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பார்த்த எனக்கே ஒரு நிமிஷம் இவன் சிங்கப்பூருக்குத்தான் போயிருந்தானோ என்று தோன்றிவிட்டது. அவன் அந்த ஊரை வானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "போதுமாண்ணே?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

பேச்சிராஜ்


முகாம்
11.7.2025

அண்ணே,

திட்டினது சரிதான். நான் ஓடிவந்தவள்தான். மறுக்கவில்லை.

ஆரஞ்சு கொடுத்த கிழவியை நினைத்து எனக்கும் கூசுகிறது. அதை அவனுக்கு அங்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முகம் தெரியாதவர்களிடம் போனில் பாசமாகப் பேசிப் பணம் பறிக்கிற தொழில்தானே அது. அடிக்குப் பயந்து கற்றுக்கொண்டிருப்பான். அப்படித்தான் நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லட்டுமா? அரித்துப்போன பாறை முழுசாக ஒழிவதில்லை. அதன் உடைந்த துண்டுகள் கூழாங்கல்லாக உருண்டு, பிறகு படிகிற பாறையின் அடியில் மாட்டிக்கொள்ளும். போன பாறை எப்படிப்பட்டது என்று அந்தக் கூழாங்கல் காட்டிக்கொடுத்துவிடும். அவனோடு அங்கே இருந்த வேறு பையன்கள் நம் பக்கத்தில் யாராவது உண்டா என்று விசாரித்துப் பார். அவனைக் கேட்காமல், அவர்களைக் கேள்.

எனக்கு லீவு கிடையாது என்று அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். ஆவணியில் கல்யாணத்துக்குத்தான் வர முடியும். அதற்குள் நீ எதையும் ஒத்துக்கொள்ளாதே.

கோகிலா


சங்கரன்கோவில்
30.7.2025

கோகிலா,

நான் யாரையும் தேடிப் போகவில்லை. நீ சொன்ன கூழாங்கல் அதுவாக உருண்டு வாசலுக்கு வந்துவிட்டது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, ஊரில் கால் வைக்க இடமில்லை. மார்க்கெட்டில் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். கடையநல்லூர், பெயர் ரிஸ்வான் அகமது. "இசக்கிகூட அங்கன இருந்தேன்ண்ணே. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். வலது கை மணிக்கட்டில் கோணிக்கொண்டு நின்றது. விரல்கள் மடங்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பூரித்துப்போய் இலை போட்டாள். பையன் தயங்கித் தயங்கி ஒரு ஸ்பூன் கேட்டான், இடது கையால் சாப்பிட்டான். கிணற்றடியிலிருந்து வந்த தம்பி வாசல்படியில் நின்றவன் நின்றவன்தான். ரிஸ்வான் எழுந்து, "நல்லா இருக்கியாலே?" என்றான். தம்பிக்கு எப்பேர்ப்பட்ட வாய்! ஒரு சொல் வரவில்லை.

அம்மா சாமி அறைக்குப் போய்க் கோயில் புற்றுமண்ணை ஒரு தாளில் மடித்துக்கொண்டு வந்தாள். "கோமதியம்மன் புத்துமண்ணு மக்கா. தண்ணில கொழச்சுத் தேச்சுக்கோ. எப்பேர்ப்பட்ட வலியும் போயிரும்" என்று அவன் சட்டைப்பையில் வைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

தம்பி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"அவன் கைய நான்தான் ஒடச்சேன்."

நாலு மாதத்திலேயே இவனை ஒரு கும்பலுக்குத் தலைவனாக்கிவிட்டார்களாம், நன்றாகப் பேசுகிறான் என்று. கீழே இருபது பையன்கள். பேசிப் பறிக்க முடியாதவனைத் தலைவன்தான் தண்டிக்க வேண்டும். கம்பியைக் கையில் கொடுப்பார்களாம்.

"ஒடைக்கலன்னா ஒன் கைய ஒடச்சிருப்பானுவளாலே?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடு சாமி என்று மனது அடித்துக்கொண்டது.

"இருக்கும். ஆனா நான் அதெல்லாம் யோசிக்கலண்ணே. சொன்னான். செஞ்சேன்."

பிறகு உன் சிப்பியைப் பற்றிக் கேட்டேன். அங்கே எழுந்திருக்க அனுமதி கேட்க வேண்டுமா என்று. "நான் கேக்க மாட்டேன். எங்கிட்டதான் கேப்பானுவ" என்றான். அப்புறம் இங்கே ஏன் கேட்கிறாய் என்றதற்கு, "தெரியல. அந்தச் சத்தம் காதுலயே கெடக்கு. வாயில வந்துருது" என்றான்.

இப்போது சொல்லு கோகிலா. இவனை நான் கட்டிப்பிடிக்கவா, செருப்பால் அடிக்கவா? இரண்டும் செய்யாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

பேச்சிராஜ்


முகாம்
8.8.2025

அண்ணே,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பழைய பாறையிலிருந்து கழன்று வந்த சிப்பி புதுப் பாறையில் போய்ப் புதைந்து கிடக்கும். அது அங்கேயே வாழ்ந்தது என்று நம்பிக் கணக்குப் போடுவது முதல் வருஷ மாணவர்கள் செய்கிற தப்பு. அதைச் செய்கிற பிள்ளைகளை நான் திட்டியிருக்கிறேன். "எந்திரிக்கட்டுமா" என்பது நம் தம்பியின் வாய்ச்சொல் இல்லை. அவனிடம் கெஞ்சின பையன்களுடையது. நம் பிள்ளை அடி வாங்கினவனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆசைப்பட்டதையே படித்துவிட்டேன்.

கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது. உடனே, அவன் சின்னப்பிள்ளையில் ஓணானை அடித்த பையன்களைக் கல்லெறிந்து விரட்டினது ஞாபகம் வருகிறது. ரிஸ்வானுடைய கை ஞாபகம் வருகிறது, நான் பார்க்காத கை. இங்கே சுத்தியலைத் தூக்கினால் அடிக்காமல் கீழே வைத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லத் தெரியும். இரண்டு பாறைக்கு நடுவில் என்ன இருந்தது என்று தெரியாமல் போனாலும் குறிப்பை எழுதிவிட்டு நாங்கள் அடுத்த மலைக்குப் போய்விடுவோம். அங்கே யாரும் குடியிருக்கப் போவதில்லை. காவியா குடியிருக்கப் போகிறாள். அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நீ சொல்லக் கூடாது, அம்மா சொல்லக் கூடாது, அவன்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லச் சொல். அவனுக்கு மீள்வதற்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் ரிஸ்வான் வீட்டுக்கு ஒரு தடவை அவனைக் கூட்டிக்கொண்டு போ.

கோகிலா


சங்கரன்கோவில்
25.8.2025

கோகிலா,

நீ சொன்ன இரண்டையும் செய்தாயிற்று.

கடையநல்லூருக்கு இருவருமாகப் போனோம். ரிஸ்வான் அம்மா நஸ்ரின் பானு கதவைத் திறந்தார். இசக்கித்துரை என்று பெயர் சொன்னதுதான் தாமதம், இவனுடைய வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்புள்ளைக்குச் சோறு ஊட்டுன கை வாப்பா இது" என்றார். ரிஸ்வான் தன் அம்மாவிடம், மாடிப்படியில் விழுந்து கை உடைந்துவிட்டது, கை கூடும்வரை இசக்கிதான் மூன்று வேளையும் ஊட்டிவிட்டான், வலி மாத்திரைக்குக் காவலாளியிடம் கெஞ்சி அவனும் அடி வாங்கினான் என்று சொல்லியிருக்கிறான்.

வெளியே வந்து தம்பியைக் கேட்டேன். "மாடிப்படி பொய். மத்தது நெசம்" என்றான்.

உடைத்தவனும் இவன்தான், ஊட்டினவனும் இவன்தான். இதை எந்தக் கணக்கில் வைப்பாய் நீ? என்னால் முடியவில்லை.

வீட்டுக்குள்ளே அந்த அம்மாவிடம் நிஜத்தைச் சொல்ல வாயெடுத்தான். ரிஸ்வான் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையாட்டினான். டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

பிறகு காவியா. கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தோம். தன் அத்தையோடு வந்தாள். பிரகாரத்தில் ஒரு தூண் பக்கம் தம்பியும் அவளும் பேசினார்கள். நானும் அத்தையும் எட்ட உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குச் சிங்கப்பூர் பேசினபோது அவன் கை, கண், புருவம் எல்லாம் ஆடின. இப்போது கல் மாதிரி நின்று சொன்னான். நடுநடுவே நிறுத்தினான். சொல் கிடைக்காமல் தடுமாறினான். நிஜம் சொல்வது அவனுக்கு மறந்தே போய்விட்டது போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னானாம். ஊட்டினதை மட்டும் சொல்லவில்லையாம், அதைச் சொன்னால் மறுபடி ஏமாற்றுகிற மாதிரி இருக்கும் என்று.

காவியா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "இன்னொரு தடவ அப்படி ஒரு எடத்துல மாட்டுனா என்ன செய்விய?" இவன் யோசித்துவிட்டு, "தெரியல" என்றானாம். கோயிலில் நின்று ஒரு பொய் சொல்லக் கூடாதா இந்தப் பயலுக்கு?

போகும்போது அவள் என்னிடம் வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. "அண்ணாச்சி, நல்ல மனுசர்னு தெரியுது. கெட்டவனா இருந்தா இத வந்து எங்கிட்டச் சொல்லுவாவளா? ஆனா என்னால முடியாது. அந்தக் கையப் பாக்கப் பாக்க எனக்கு அதுதான் வரும். எங்க அய்யாட்ட நான் வேற காரணம் சொல்லிக்கிடுதேன். நீங்க வெசனப்படாதிய" என்றாள். அந்தப் பிள்ளைமேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பட்டு எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பி என்னோடு மார்க்கெட்டுக்கு வருகிறான், கூடை தூக்குகிறான், யாரோடும் பேசுவதில்லை. சிரிப்பு போய்விட்டது. முன்பு அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயந்தேன். இப்போது அது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னது நியாயம். ஆனால் கோகிலா, அவன் வந்து ஐந்து மாதத்தில் எத்தனை பொய் சொன்னான்! ஒவ்வொன்றுக்கும் அம்மா முத்தம் கொடுத்தாள், நல்லக்கண்ணு அண்ணாச்சி கண்ணீர் விட்டார், ஊர் வாயடைத்துப் போனது. முதல் தடவையாக நிஜம் சொன்னான். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தேன். அதற்கு அவனுக்குக் கிடைத்தது இது. நாளைக்குக் கல்யாணம் நின்றது தெரிந்ததும் அம்மா அவனை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்கப்போகிறாள். உண்மையைச் சொல்லுலே என்று இனி எந்த முகத்தோடு அவனிடம் போய் நிற்பேன்?

பேச்சிராஜ்